ரேடியோ வாயை மூடின வாரம்

என் நாத்தனாருக்கு நாங்க வச்ச பேரு ரேடியோ. அவளுக்கும் தெரியும், கோவிச்சுக்க மாட்டா. "நான் இல்லேன்னா இந்த வீட்டுல யாருக்கு என்ன தெரியும்?"னு நம்மளையே திருப்பிக் கேப்பா. நான் முழுகாம இருக்கற விஷயம் என் அம்மாவுக்குப் போறதுக்கு முன்னாடி பால்காரருக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் மீசைக்கு மை போடறது தெரு முழுக்கத் தெரியும். ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு 'யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு சேத்துச் சொன்னா, அது இன்னும் சீக்கிரமாப் போய்ச் சேரும். மனசுல கல்மிஷம் கிடையாது. வயித்துல ஒண்ணும் தங்காது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டு எங்க மாடியில ஜாலியா இருக்கா. கீழே எங்க பேனர் கடை. அவளுக்குப் பக்கத்துத் தெரு காலேஜ்ல, லைப்ரரியில வேலை. புத்தகம் எடுத்துக் குடுக்கணும், திரும்பி வந்ததை அடுக்கணும். அதைவிடப் பெரிய வேலை பேச்சு. யாருக்கு எந்தப் பாடத்துல அரியர், யாருக்கு யார் மேல கண்ணு, எல்லாம் அத்துப்படி. பிள்ளைங்களுக்கு அவளைக் கண்டா உயிரு.

அந்தக் காலேஜ்ல ஒரு கமிட்டி உண்டு. வாத்தியார் யாராவது படிக்கற பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துகிட்டா விசாரிக்கறதுக்காக, சட்டப்படி வச்சே ஆகணும். ஒரு மூத்த மேடம் தலைவி. வெளியிலேர்ந்து ஒரு வக்கீலம்மா. பாடம் நடத்தாத ஊழியர்கள்லயும் ஆள் வேணும்னு விதி. பிரின்சிபால் பாத்தார், எதுக்கெடுத்தாலும் சிரிக்கற ஆளா இருந்தா தொல்லை இல்லைன்னு இவளைப் போட்டுட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவாங்க. டீ, பிஸ்கட், 'புகார் எதுவும் இல்லை'ன்னு ஒரு வரி, கையெழுத்து, முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து எந்த பிஸ்கட், நமுத்திருந்ததா மொறுமொறுன்னு இருந்ததா வரைக்கும் ஒப்பிப்பா.

ஒரு நாள் சாயங்காலம் வந்தா. செருப்பைக் கழட்டினா. நேரா மாடிக்குப் போயிட்டா. ஒரு வார்த்தை பேசலை! பின்னாடியே ஓடினேன்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லை அண்ணி. ஒரு பொண்ணு புகார் குடுத்திருக்கா. அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை. இதுக்கு மேல கேக்காதீங்க."

"யாருடி அது? எந்த வாத்தியார்?"

"சொல்லக்கூடாது. யாரு, என்னங்கறது கமிட்டியை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கு."

எனக்கு வந்ததே கோவம்! என் நகை எந்த டப்பாவுல இருக்குன்னு பக்கத்து வீட்டுக்குச் சொன்னவ, இப்ப என்கிட்ட சட்டம் பேசறா. நானும் விடலை. சாப்பிடும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன், நைசா வேற பேச்சுக்கு நடுவுல சொருகிக் கேட்டேன். ம்ஹூம். கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கா. என் வீட்டுக்காரர், "விடேன், ரேடியோவுல பேட்டரி தீந்து போச்சு"ன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

ரெண்டு நாள் கழிச்சு அவளே வந்து அடுப்படியில என் பக்கத்துல நின்னா. கண்ணு ரெண்டும் செவந்திருந்தது.

"அந்தப் பொண்ணு படிப்பையே விட்டுட்டுப் போறேங்கறா அண்ணி. 'அவர் எல்லாருக்கும் புடிச்ச சார். நான் ஒருத்தி சொன்னா யாரு நம்புவா, வியாழக்கிழமை வந்து புகாரைத் திருப்பி வாங்கிக்கறேன்'னு அழறா. அவளுக்கு மட்டும் நடந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது. ஆனா இப்படி ஒரு கமிட்டி இருக்கறதே அங்க யாருக்கும் தெரியாதே! போர்டு வைக்கணும், எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கணும்னு விதி. இத்தனை வருஷம் டீ குடிச்சேனே தவிர, போர்டு எங்கேன்னு நான் கேக்கலையே."

சொல்லி முடிச்சதும் வாயிலேயே ஒண்ணு போட்டுகிட்டா, இவ்வளவு சொன்னதே தப்புன்னு. எனக்கு அதுவரைக்கும் இருந்த கோவமெல்லாம் எங்கே போச்சுன்னு தெரியலை. அந்தப் பொண்ணு யாருன்னு கேக்கற ஆசையும் போச்சு. அவ படிக்கணுமே, போயிடக் கூடாதேன்னு இருந்தது.

அடுத்த நாளே இவளும் தலைவி மேடமும் பிரின்சிபால்கிட்ட போர்டுக்காக நின்னிருக்காங்க. அவர் நல்ல மனுஷர்தான், சத்தம் மட்டும் ஆகாது. மாடிப்படிக்கு அடியில அடக்கமா ஒண்ணு மாட்டினாப் போதும்னு நினைச்சு, ஒரு துண்டுச் சீட்டுல '36 x 24, மெயின் பில்டிங்'னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். இவ அதைக் கொண்டுவந்து கடையில வச்சா. என்ன எழுதணுங்கறதை மேடம் தனியா அனுப்பினாங்க.

இங்கதான் கூத்து. எங்க தொழில்ல எல்லாமே அடிக்கணக்கு. பொறந்த நாளா, எட்டுக்கு ஆறு. கடை திறப்பா, இருபதுக்குப் பத்து. இஞ்சுல பேசற ஆளு எங்க வாசப்படியை மிதிச்சதே கிடையாது. பிரின்சிபால் எழுதினது இஞ்சு. நாங்க படிச்சது அடி.

"ஏங்க, முப்பத்தாறு அடிக்கு இருபத்துநாலு அடியா! சினிமாக்காரங்க கூட இப்ப இவ்வளவு பெருசா வைக்கறதில்லையே"ன்னேன்.

"என் தங்கச்சி வாங்கிட்டு வந்த ஆர்டர்னா சும்மாவா?"ன்னு அவருக்கு ஒரே பூரிப்பு. "காலேஜுக்காரங்களுக்கு இப்பவாவது புத்தி வந்துதே!"

இடம் நிறைய இருக்கேன்னு நானும் கம்ப்யூட்டர்ல எழுத்தை இழுத்து விட்டேன். 'ஆசிரியர் யாரேனும் உங்களிடம் தவறாக நடந்தால் எங்களிடம் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம். உங்கள் பெயர் வெளியே போகாது. எழுத முடியாவிட்டால் நாங்கள் எழுத உதவுவோம். புகார் சொன்னவருக்கு அந்த ஆசிரியர் மதிப்பெண் போட முடியாது.' கீழே கமிட்டிக்காரங்க போன் நம்பர். பட்டை பட்டையா பிரிண்ட் எடுத்து, ஒட்டி, சுருட்டி வச்சா வராந்தாவையே அடைச்சுகிட்டுக் கிடந்தது. என் நாத்தனார் அதைத் தாண்டித் தாண்டித்தான் மாடிக்குப் போனா. இது என்னன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கணுமே! அவ நினைப்பு இங்க இருந்தாத்தானே.

ஞாயித்துக்கிழமை காலேஜ் லீவு. என் வீட்டுக்காரர் ஆட்களோட போனார். வாட்ச்மேன் சீட்டுல கையெழுத்தைப் பாத்தார், கேட்டைத் திறந்துவிட்டார். பொழுது சாயறதுக்குள்ள கட்டி முடிச்சுட்டு, பெரிய கோட்டையைப் புடிச்ச மாதிரி வந்து உக்காந்தார்.

திங்கக்கிழமை காலையில போன்.

"அண்ணீ! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! என் போன் நம்பர்ல ஒவ்வொரு எண்ணும் என் உசரத்துக்கு இருக்கு!"

அடிச்சுப் புடிச்சு நாங்க ரெண்டு பேரும் ஓடினோம். வாசல்ல கால் வைக்க இடமில்லை. பிள்ளைங்க எல்லாம் அண்ணாந்து பாத்துப் படிச்சுகிட்டு இருக்கு. பஸ்ஸை நிறுத்தி டிரைவர் படிக்கறார். கட்டடத்தோட முகமே தெரியலை. பிரின்சிபால் ரூம் ஜன்னலைச் சரியா 'பயப்பட வேண்டாம்'ங்கற வரி மூடியிருந்தது. உள்ளே பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுகிட்டு உக்காந்திருந்தார் மனுஷர்.

"கழட்டுங்க முதல்ல! நான் கேட்டது இத்தனூண்டு போர்டு!"ன்னு கையை விரிச்சுக் காட்டினார். அப்பத்தான் எங்களுக்கு இஞ்சு விஷயமே உறைச்சுது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பாக்கணுமே, ஈயாடலை. நான் சிரிப்பை அடக்கறதுக்கு உதட்டைக் கடிச்சுகிட்டேன்.

என் நாத்தனார் மட்டும் சிரிக்கலை. "கழட்டலாம் சார். எல்லாரும் பாக்கற இடத்துல வைக்கணும்னுதான் சட்டம். இப்பக் கழட்டினா, கழட்டறதையும் எல்லாரும் பாப்பாங்க"ன்னா.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே இருந்து பிள்ளைங்க சத்தம் கேட்டுகிட்டே இருந்தது. "அந்தப் பொண்ணையும் அந்த வாத்தியாரையும் கூப்பிட்டு வச்சுப் பேசி, சுமுகமா முடிச்சுடலாம்னு பாத்தேனேம்மா"ன்னார், குரலைத் தணிச்சு.

"சமரசம் வேணும்னு அந்தப் பொண்ணு கேக்கணும் சார். நாம கேக்கக் கூடாது."

"சரி. வியாழன் வரைக்கும் இருக்கட்டும். எனக்கு ஒரு டேபிள் ஃபேனாவது போடச் சொல்லுங்க, காத்தே வரலை"ன்னார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் புடிச்சுப் போச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சு என் நாத்தனார் போன் ஓயலை. ஒருத்தர் இந்தச் சுவரு வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டார். ஒருத்தர் எழுத்து அழகா இருக்கு, எங்கே அடிச்சீங்கன்னார். அதை மட்டும் சத்தம் போட்டுச் சொல்லுவா. சில போன் வந்தா எழுந்து மாடிக் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. கெட்ட பழக்கம் விடுமா, நான் போய்க் காதை வச்சேன். பாவி, குழாயைத் திறந்துவிட்டுட்டா! தண்ணி கொட்டற சத்தம்தான் கேட்டுது.

புதன்கிழமை ராத்திரி அவ சரியா சாப்பிடலை. எனக்கும் இறங்கலை. யாரோ பெத்த பொண்ணு, முகம் கூடத் தெரியாது, ஆனா மனசு கிடந்து அடிச்சுகிட்டது. நாளைக்கு அவ ஒத்தையா வந்து நின்னா என்ன பண்ணுவா?

வியாழக்கிழமை கடையில உக்காந்திருக்கேன், கை வேலையில ஓடலை. போன் அடிச்சுது. அவதான்.

"அண்ணி, நம்ம கடையில நாற்காலி எத்தனை இருக்கு?"

"எதுக்கு?"

"இருக்கறதை எல்லாம் வேன்ல ஏத்தி அனுப்புங்க. உங்க தையல் மெஷின் ஸ்டூலையும் சேத்து. இங்க வெளியில உக்கார இடம் பத்தலை."

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை, போனை வச்சுட்டா. எனக்குப் புரிஞ்சுது, அந்தப் பொண்ணு ஒத்தையா இல்லை. கடைன்னும் பாக்காம ஓன்னு அழுதுட்டேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடி வந்து, "என்ன, யாருக்கு என்ன?"ங்கறார். "நாற்காலியை ஏத்துங்க, நாற்காலியை ஏத்துங்க!"ன்னு அவரை விரட்டறேன். அடுப்படி முக்காலியைக் கூட விடலை.

விசாரணை அதோட முடியலை, இழுத்துகிட்டுதான் போச்சு. அந்த வாத்தியாருக்கும் வாய்ப்புக் குடுத்து, அவர் பக்கம் சொன்னதையும் கேட்டாங்க. கமிட்டி எல்லாத்தையும் எழுதிக் குடுத்துது. கடைசியில அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அது ஊரறிஞ்ச சேதி, அதனாலதான் சொல்றேன். அந்த முடிவு வந்த அன்னிக்கு சாயங்காலம் என் நாத்தனார் கடைக்குள்ள வந்து ஒரு நாற்காலியில தொப்புன்னு உக்காந்தா. முகம் பூரா சிரிப்பு, கண்ணு பூரா தண்ணி.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு என்னைக் கட்டிப் புடிச்சுகிட்டு என்ன சொன்னா தெரியுமா அண்ணி?"

நான் கத்தரிக்கோலைக் கீழே வச்சுட்டுப் பக்கத்துல போனேன். "என்ன சொன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"அடிப்பாவி!"ன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சோம் சிரிச்சோம், அப்படிச் சிரிச்சோம். கொஞ்சம் அடங்கினதும் முந்தானையால முகத்தைத் துடைச்சுகிட்டா.

"நாளைக்குக் காலையில முதல் கிளாஸுக்கே அவ வரா. அதை மட்டும் சொல்லலாம்"னா.