அம்மா தானே கட்டிய புடவை

மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்தவர்கள் எங்கள் அம்மா. அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. பட்டுக் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கும் வேலை பார்த்தே எங்களை ஆளாக்கினார்கள். யாரிடமும் கை நீட்டியதில்லை. இதையெல்லாம் அம்மாவின் காரியத்துக்கு வந்த எல்லோரும் பேசிவிட்டீர்கள். நான் வேறொன்று சொல்ல வேண்டும்.

மறதி நோய் வந்த இரண்டாம் வருடம், அம்மாவுக்குப் புடவை கட்டத் தெரியாமல் போயிற்று. கொசுவத்தைக் கையில் பிடித்தபடி அழுதார்கள். மருத்துவமனையில் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னார். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சிடாதீங்கமா. கடைசி வேலையை மட்டும் அவங்களுக்கு விடுங்க. அது வந்ததும் அதுக்கு முந்தினது."

அதன்படி, நான் கட்டிவிட்டு முந்தானையைத் தோளில் போடுவதை மட்டும் அம்மாவிடம் விட்டேன். பிறகு கொசுவம் செருகுவது. பிறகு கொசுவம் வைப்பது. ஐந்து மாதம் ஆயிற்று. நான் பொறுமைசாலி இல்லை. பல நாள் கத்தியிருக்கிறேன். ஆடி மாதம் ஒரு காலையில், "எட்ட நில்லுமா, நானே கட்டிக்கிறேன்" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். கொசுவம் கோணல்தான். ஆனாலும் அன்று செவிலிமேட்டில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் உறவினர்கள் நீங்களெல்லாம் கூடி, பிள்ளை இருக்கும்போது பெண் வீட்டிலேயே வைத்திருப்பது அழகில்லை, மாதம் ஒரு வீடாக முறை வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். களைத்துப் போயிருந்த நானும் தலையாட்டினேன். செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தே அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அழைத்துவரப் போனபோது அம்மா நைட்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"புடவைன்னா ஒரு மணி நேரம் நின்னுக்கினே இருக்காங்கமா. இதுன்னா மாட்டிவிட்டா முடிஞ்சிது" என்றார் அண்ணி.

"இந்த வயசுல இன்னாத்துக்குமா பாடம்? சும்மா உக்காரட்டும்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக் கையில் கொடுத்தேன். அதை அழகாக மடித்து என்னிடமே நீட்டினார்கள். அதன்பிறகு எவ்வளவு முயன்றும் கட்ட வரவில்லை. அடுத்த பதினோரு மாதமும் நைட்டியில் இருந்து, அதிலேயே கண்ணை மூடினார்கள்.

பயிற்சி தந்த அந்தப் பெண்ணுக்கு என் கும்பிடு. கடைசியாகக் குளிப்பாட்டிய தெருப் பெண்களுக்கு நன்றி. வழக்கப்படி கோடிப் புடவை கொண்டுவந்து அம்மாவின் மேல் போர்த்திய பதினேழு பேருக்கும் மறக்காமல் நன்றி சொல்லச் சொன்னார் அண்ணன். சொல்லிவிட்டேன். பதினேழும் பட்டு. உயிரோடு இருந்தபோது அம்மா ஒரு நூல் புடவையைத் தானே கட்டி முடிக்கும்வரை காத்திருக்கத்தான் நம்மில் ஒருவருக்கும் முடியவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.