திருமலை அறுத்த தோணி

காட்டுப்பள்ளித் தீவில் ஐம்பத்து நாலாம் வருஷம் தோணி இல்லாத ஆண்பிள்ளை ஒருவன்தான் இருந்தான். நடக்கமாட்டாத கிழவனுக்குக்கூட அங்கே ஏதாவது ஒரு தோணியில் கால் பங்காவது இருக்கும். திருமலைக்கு அதுவும் இல்லை. குடித்து அழித்துவிட்டான் என்றோ, புயல் கொண்டுபோய்விட்டது என்றோ நினைக்க வேண்டாம். நல்ல தோணி, பொட்டுத் தண்ணீர் கசியாத தோணி, அப்பன் விட்டுப்போன ஒரே சொத்து. அதை அவன் தன் கையாலேயே பிரித்துப் போட்டான். பைத்தியக்காரன் என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் பாதிப்பேர் பிறகு அந்தப் பலகைமேல்தான் நடந்து போனார்கள்.

எண்ணூர்க் கழிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற தீவு அது. திருமலையின் அப்பன் கழியில் சிப்பி அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போட்டுவந்தவர். யுத்தத்துக்குப் பயந்து பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாற்பத்திரண்டில், தீவுக்காரர்கள் மட்டும் எங்கே ஓடுவது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்த வருஷம் திருமலைக்குப் பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு அப்பனோடு தோணி ஏறினான். அப்பன் போன பிறகு தோணி அவனுடையதாயிற்று. அத்திப்பட்டு உப்பளத்தில் வேலை செய்த சிவந்தியைக் கட்டிக்கொண்டான்; ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிப்பிக்குக் கிராக்கி குறைந்துகொண்டே வந்தது. விடிய விடியக் கழியில் நின்றாலும் மூன்று வயிறு நிறையவில்லை.

ஐம்பத்து நாலு ஜனவரியில் ஒரு புதுச் சேதி வந்தது. அக்கரையில், கத்திவாக்கம் தாண்டித் திருவொற்றியூர் போகிற சாலையில், இளைஞர்களுக்குத் தொழில் பழக்கும் கூடம் ஒன்று திறந்திருக்கிறார்கள். அதில் தீவுக்காரர்களுக்கென்று எட்டு இடம். சர்க்கார் வாத்தியார்களையும் உதவித்தொகையையும் தரும். சாலையோரத்துத் தொழிற்சாலைகள் இரண்டு, பழைய லேத்துகளைத் தரும். தேறினவர்களுக்கு வேலையும் தரும். பஞ்சாயத்து, பிள்ளைகளைக் கழி கடத்த ஒரு படகு தரும். மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி, மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, மேற்பார்க்க ஒரு கமிட்டியும் வைத்தார்கள். கழியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சேருவதற்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். திருமலைக்கு இருபத்து நாலு. இதை விட்டால் இன்னொரு தரம் கிடையாது. எட்டுப் பேரில் மூத்தவனாகப் போய்ப் பிட்டர் வேலைக்குச் சேர்ந்தான்.

வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தது என்று சொன்னால் போதாது. அரத்தை எடுத்து ஓர் இரும்புத் துண்டை முதன்முதலாக நாலு பக்கமும் சதுரமாக ராவி முடித்த அன்று, அவன் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து சிவந்தியிடம் காட்டினான். தண்ணீரில் எல்லாமே ஏறக்குறையத்தான். பட்டறையில் ஒரு நூல் தப்பினாலும் தப்புதான். சரியாக இருந்தால் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நிச்சயம் அவனுக்கு வேண்டியிருந்தது. சிவந்தி அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அம்மிக்கு அண்டை கொடுக்க ஆகும் என்று வைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரி, எட்டு மணி மட்டும் சரியாக வரவில்லை. கூடத்தில் காலை எட்டுக்கு மணி அடிப்பார்கள். தீவிலிருந்து ஆறு மணிக்குப் படகு ஏறினால் கழி தாண்டி, நடந்து, ஏழே முக்காலுக்கெல்லாம் போய்விடலாம். ஆனால் அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த மூன்றாம் நாள் தொடங்கி ஏழாம் நாள் வரையில், காலை வேளையில் கழியில் தண்ணீர் இறங்கிவிடும். நடுவில் குறுகலாக ஓர் ஓடை மட்டும் நிற்கும். இரண்டு கரையிலும் இடுப்பளவு சேறு, சேற்றுக்குள் காலைக் கிழிக்கும் சிப்பி. படகு தரை தட்டிக் கிடக்கும். தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் நாள் பத்து நிமிஷம் தாமதம், மறுநாள் ஒரு மணி நேரம், அதற்கடுத்த நாள் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தாம் நாள் மூன்றரை மணி நேரம். ஆறாம் நாள் தண்ணீர் இறங்குவதற்குள் படகு கடந்துவிடும்; எட்டுப் பேரும் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள்.

கூடத்தின் சூப்பரின்டென்ட் அருள்பிரகாசம் கறாரான மனிதர், கெட்டவர் அல்ல. அவர் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? எட்டுப் பேர் கூட்டாக, நாளுக்கு நாள் துணிச்சல் கூடிக்கூடித் தாமதமாக வருகிறார்கள், திடீரென்று திருந்துகிறார்கள், பத்து நாளில் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். கூப்பிட்டுக் காரணம் கேட்டார். எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் கேட்டார், ஒவ்வொரு தடவையும் நின்றார்கள். பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்து, பக்கத்தில் ‘காரணம் கூறவில்லை’ என்று எழுதச் சொன்னார்.

ஏன் சொல்லவில்லை என்றால், தீவில் தண்ணீரைக் குறை சொல்லும் வழக்கம் கிடையாது. பிழைப்புக்கு அதன்மேல் போகிறவன் அதைப் பற்றிக் குற்றம் பேசக்கூடாது. பேசினவனை அடுத்த நாள் யாரும் தோணியில் ஏற்றமாட்டார்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான். அதோடு, கழியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கூடம் நடத்துகிறவருக்குத் தண்ணீர் இறங்குவது தெரியாமலா இருக்கும் என்றும் எட்டுப் பேரும் நம்பினார்கள். அவருக்கு உண்மையாகவே தெரியாது. அவர் சேலத்துக்காரர்.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. இனி ஒருநாள் தாமதமானாலும் எட்டுப் பேரின் பெயரும் நீக்கப்படும்; தீவுக்கு ஒதுக்கிய இடங்களும் ரத்து. மூத்தவன் என்று திருமலையைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாள் குமாஸ்தா ஃப்ளோரன்ஸ். ராயபுரத்துப் பெண். பதிவேட்டைத் திருப்பி அவன் பக்கம் நீட்டினாள்.

“இன்னா திருமலை, எட்டு பேரும் பேசிவச்சிக்கினா லேட்டா வர்றீங்க? அஞ்சு நாளு செவப்பு, பத்து நாளு கறுப்பு. கரீட்டா அப்பிடியே வந்துகினு கீது பாரு.”

திருமலை பார்த்தான். மாதம் மாதமாகப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து வானத்தில் பார்த்துப் பழகிய கணக்கு, இங்கே சிவப்பு மையில் கிடந்தது. சொல்ல வாயெடுத்தான், பழக்கம் வாயை அடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வழியெல்லாம் அவமானமாக இருந்தது. சோம்பேறி என்று ஒரு வார்த்தை அவன்மேல் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த சேற்று நாளுக்குப் பத்து நாள் இருந்தது. படகைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மணியையும் தள்ளி அடிக்கமாட்டார்கள். படகை ஓடையிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு கரையிலிருந்தும் ஓடைவரைக்கும் சேற்றின்மேல் பனைமரத்தைப் பிளந்து போட்டால் நடந்து போய்விடலாம். இந்தப் பக்கம் அறுபது கஜம், அந்தப் பக்கம் நாற்பது. இத்தனை காலம் இதை ஏன் ஒருவரும் செய்யவில்லை என்றால், தண்ணீர் வரும்போது போய்த் தண்ணீர் வரும்போது திரும்புகிறவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. எட்டு மணி என்பது தீவுக்குப் புதுச் சரக்கு.

ஊர்ப் பெரியதனக்காரர் மாரியப்பன் ஒப்பவில்லை. கழிக்குள் மரம் அடித்து இறக்குவது அவருக்குத் தண்ணீரை அவமதிப்பதாகப் பட்டது.

“தண்ணியாண்ட சண்டைக்குப் போவாதடா, திருமல. நல்லதுக்கில்ல” என்றார்.

“தண்ணியாண்ட இல்ல மாமா. மணியாண்ட தான் சண்ட” என்றான் திருமலை.

அவர் கடைசியில், போன புயலில் சாய்ந்து கிடந்த பனைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிற்கிற மரத்தில் ஒன்றுகூடத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

பகலில் தண்ணீர் இறங்குகிற நேரத்தில் எட்டுப் பேரும் பட்டறையில் இருந்தார்கள். ஆகவே கட்டியதில் முக்கால்வாசி பெண்கள்தான். உப்பளத்து வேலையை அரைநாளாக்கிக்கொண்டு வந்து, சிவந்தி தலைமையில் முட்டுக்கழி அடித்தார்கள், மரத்தை இழுத்துப் போட்டார்கள், சிப்பி கிழித்த காலோடு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள். பயிற்சியில் கழித்துப்போட்ட இரும்புத் துண்டுகளை வளைத்து, மரத்தை மரத்தோடு பிடிக்கும் கவ்வுகள் செய்துகொடுத்தான் திருமலை. வாசலில் தடுத்த காவல்காரரிடம் ஃப்ளோரன்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்து அவற்றை வெளியே விட்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

எட்டாம் நாள் பனை தீர்ந்துபோயிற்று. அக்கரைப் பக்கம் இன்னும் பன்னிரண்டு கஜம் பாக்கி. மாரியப்பன் சொன்ன சொல்லை மீறி நிற்கிற மரத்தில் கைவைக்க முடியாது. பலகை வாங்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமலை மணலில் ஏற்றி வைத்திருந்த தன் தோணியைச் சுற்றி வந்தான். ஆணி இல்லாமல், பலகையின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டுக் கயிற்றால் தைத்த தோணி. கயிற்றை அறுத்தால் பலகை தனித்தனியாக வந்துவிடும். அதைப் பிரித்த பிறகு கூடத்தில் பெயரை நீக்கிவிட்டால், அவன் எந்தக் கரைக்கும் ஆகாதவன். மறுபடி ஒரு சுற்று வந்தான்.

சிவந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“சுத்திச் சுத்தி வந்துகினு இருந்தா பலக தானா கயண்டு வந்துடுமா?” என்று கேட்டாள். குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, கொண்டுவந்திருந்த கத்தியால் முதல் தையலை அவளே அறுத்தாள்.

சேற்று நாள் வந்தது. எட்டுப் பேரும் மரத்தின்மேல் நடந்து, ஓடையில் படகு தள்ளி, மறுபடி மரத்தின்மேலும் தோணிப் பலகைமேலும் நடந்து, எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் நின்றார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அருள்பிரகாசம் அவர்களைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று எட்டுப் பேரும் நினைத்தார்கள்.

“நாலு மாசமா முடியாதது, ஒரு உத்தரவு போட்டதும் முடியுது. ஆக, உங்களால வர முடியும், வர மனசுதான் இல்லை. இப்படிப்பட்டவங்களை நம்பி எந்தத் தொழிற்சாலை வேலை தரும்? நாளைக்கு நான் கமிட்டிக்கு எழுதப்போறேன்” என்றார்.

தோணியை அறுத்ததற்குக் கிடைத்த பலன் இதுதானா என்று திருமலைக்கு இருந்தது. பக்கத்தில் நின்றவன் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். திருமலை கையை உதறிவிட்டான்.

“மனசு கீது சார். தண்ணி தான் இல்ல.”

தீவில் யாரும் வெளியாளிடம் சொல்லாததை அவன் சொன்னான். எந்தப் பிறையில் தண்ணீர் இறங்கும், எந்த நாள் எவ்வளவு நேரம் படகு தரையில் கிடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பதிவேட்டைத் திறந்து சிவப்பு மையில் விரலை வைத்துக் காட்டினான். வாசலில் நின்ற ஃப்ளோரன்ஸ் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, அமாவாசையையும் பௌர்ணமியையும் பார்த்துப் பார்த்து ஆமாம் என்றாள். அருள்பிரகாசம் உடனே நம்பிவிடவில்லை. நம்ப வேண்டாம், நாளைக் காலை ஆறு மணிக்குக் கழிக்கரைக்கு வந்து பாருங்கள், பிறகு கமிட்டிக்கு எழுதுங்கள் என்றான் திருமலை.

மறுநாள் காலை, மரத்தில் காலெடுத்து வைக்குமுன் திருமலை குட்டையில் தேங்கியிருந்த கழித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குறை சொன்னதற்கு அவ்வளவுதான் அவனால் செய்ய முடிந்த பரிகாரம். அக்கரையில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. வந்திருந்தார்.

அருள்பிரகாசம் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த தடியை ஊன்றிப் பார்த்தார். அது பாதிக்குமேல் உள்ளே போயிற்று. எட்டுப் பேரும் படகை விட்டு இறங்கி வருவதற்குள் அவர் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தின்மேல் எதிரே நடந்து வந்தார். பலகையில் வந்ததும் குனிந்தார்.

“இதுக்கு மட்டும் ஏன் ஓரமெல்லாம் ஓட்டை?”

“தச்ச தோணி சார். பிரிச்சிப் போட்டது.”

“யாருடைய தோணி?”

“என்னுது தான்.”

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அப்படியானால் இனி கழியில் பிழைப்புக்கு என்ன செய்வாய் என்று கேட்டார்.

“அதுக்குத்தான் சார், எட்டு மணிக்கு வந்துகினு கீறேன்” என்றான் திருமலை.

அருள்பிரகாசம் வழிவிட்டு ஒதுங்க இடமில்லாததால், திரும்பி அவர்களுக்கு முன்னால் நடந்தார். அன்று ஃப்ளோரன்ஸ் பதிவேட்டைத் திறந்து, நாலு மாதத்துச் சிவப்புக் குறிகளுக்கெல்லாம் நேரே ‘காரணம் கூறவில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘கழியில் தண்ணீர் இல்லை’ என்று எழுதினாள். எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சூப்பரின்டென்ட் தம் கையெழுத்தைப் போட்டார்.