பூக்கட்டிப் பார்த்த பிட்காயின்

ஈப்போவில் கணக்கியல் டிப்ளோமா படித்த காலத்தில் நான் பெரிய பணக்காரன். என் கைப்பேசிதான் சாட்சி. கிரிப்டோ வாங்கி விற்கும் செயலியைத் திறந்தால் ஒன்றரை லட்சம் டாலர் மின்னும். அது பழகிப் பார்க்கச் சும்மா கொடுக்கும் பொய்ப் பணம், தோற்றாலும் ஒரு பட்டனைத் தட்டினால் மறுபடி நிரம்பிவிடும் என்கிற அற்ப விவரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

முதல் மாதம் விளையாட்டாகத்தான் பார்த்தேன். மூன்றாம் மாதம், விரிவுரையாளர் தேய்மானம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மேசைக்கடியில் பிட்காயின் வாங்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் வட்டியை ஏற்றினால் எனக்கு இங்கே சோறு இறங்காது. சட்டைப்பையில் பன்னிரண்டு மலேசிய வெள்ளி இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் போடுவதும் அதில்தான்.

அம்மாவுக்கு அந்த ஒன்றரை லட்சமே போதுமானதாக இருந்தது. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்து பல வருடமாகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். சிதறிப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடுவார்கள். அம்மா அவர்களிடம் என் டாலர் கணக்கை ஒப்பித்துவிட்டார். சிம்பாங் பூலாய் கல்குவாரியில் லாரி ஓட்டும் கோயில் தலைவர், அதுவரை என்னைத் 'தம்பி' என்றவர், 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தகரம் மாற்ற இரண்டு வருடமாகச் சேர்த்த எட்டாயிரம் வெள்ளி இருந்தது. தலைவருக்கோ ஆசை பெரிது. தகரம் எதற்கு, சார் கையில் கொடுத்தால் ஆறே மாதத்தில் கான்கிரீட்டே போடலாமே என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

கூட்டத்தில் இரண்டு பேர் முணுமுணுத்ததால், பூக்கட்டிப் பார்த்து அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் பணம் என் கைக்கு, சிவப்பு வந்தால் தகரம். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. நான் உலகச் சந்தையையே கோடு போட்டு அலசுகிறவன், இவர்கள் பூப்பொட்டலத்தை நம்புகிறார்களே என்று. ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு 'தாயே, சிவப்பு, சிவப்பு' என்று வேண்டிக்கொண்டதும் நான்தான்.

பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை.

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பணத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அடுக்கி என் முன்னால் வைத்தார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வாங்கிக்கொண்டு போய் நிஜமாகவே பிட்காயின் வாங்கிவிட்டால் என்ன என்று அரை நிமிடம் யோசித்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தாம்பாளத்தில் இருந்ததில் பாதி உண்டியலில் விழுந்த ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியவை. எனக்குக் கை நீளவில்லை.

"அண்ணே, அது நெஜக் காசு இல்ல லா," என்றேன். "சும்மா பழகறதுக்குக் குடுத்தது. நான் ஒரு வெள்ளிகூட சம்பாரிக்கல."

அவர் நம்பவில்லை. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று நழுவுகிறேன் என நினைத்துச் சிரித்தார். கைப்பேசியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே பட்டனைத் தட்டினேன். ஒன்றரை லட்சம் அழிந்து, ஆரம்பத்தில் கொடுத்த அதே ஒரு லட்சம் புதுசாக வந்து நின்றது.  தலைவர், அப்படியென்றால் அம்மன் சொன்னது தப்பா என்று பூசாரியைக் கேட்டார்.  நான் தப்பு என்பதை ஏற்றுக்கொள்ள எல்லோரும் தயார். அம்மனை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அம்மா எழுந்து வந்தார். என் முன்னால் இருந்த தாம்பாளத்தை எடுத்துத் தலைவர் கையில் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆத்தா சரின்னது காசக் குடுக்கச் சொல்லி இல்லண்ணே," என்றார். "இவன் வாயத் தொறக்க வைக்கத்தான்."