பொய் சொல்லப் பழகிய கம்ப்யூட்டர் நோயாளி

நர்சிங் கல்லூரியில் அவளை எல்லோரும் ‘வயித்துவலி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவளுக்கு ஒருநாள்கூட வயிறு வலித்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு.

அவள் தையல்காரி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கல்லூரிக்கு ஏப்ரன் கொடுக்கப் போன இடத்தில் இந்த வேலை வந்து ஒட்டிக்கொண்டது. மாணவிகள் விசாரித்துப் பழகுவதற்காக நோயாளிபோல் நடிக்க ஓர் ஆள் வருவார். அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே காய்ச்சல். மூட்டையோடு நின்றவளிடம் முதல்வர் அம்மா கெஞ்சினார்: “கொஞ்ச நேரம் கட்டில்ல படுத்து, வயிறு வலிக்குதுன்னு சொல்றியாம்மா?”

படுத்தாள். ஒரே அலறல். ஒரு மாணவி மயங்கி விழுந்தாள், இன்னொருத்தி ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். முதல்வர் அம்மாவே பதறிப்போய்க் குனிந்தபோது அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “போதுமா மேடம், இன்னும் கொஞ்சம் சத்தமா வேணுமா?”

அன்றிலிருந்து காலையில் தையல், மத்தியானம் வியாதி. திங்கட்கிழமை மாரடைப்பு என்றால் புதன்கிழமை சிறுநீரகக் கல். பேச்சுவாக்கில் மாணவிகளுக்குத் தண்ணி காட்டிவிடுவாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதே கிடையாது.

அப்புறம் கல்லூரிக்கு ஒரு கண்ணாடி வந்தது. முகத்தில் மாட்டிக்கொண்டால் காலி அறையில் ஒரு கட்டில் தெரியும். அதில் ஒரு மீசைக்காரர் படுத்திருப்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்வார். டீ கேட்கமாட்டார், லீவு எடுக்கமாட்டார். முதல்வர் அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்: அடுத்த மாதத்திலிருந்து அக்கா வர வேண்டாம்.

“சரி மேடம். என் இடத்துக்கு வந்தவரை ஒரு தடவை பாத்துட்டுப் போறேனே.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அதைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்பதுபோல் ஒரு முகம். அவள் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள்.

“ஐயா, சிகரெட் பிடிப்பீங்களா?” என்றாள் அக்கா.

“தினமும் பதினொன்று. இருபத்தாறு வருடங்களாக” என்றார் மீசைக்காரர்.

“மாத்திரை?”

“வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடுகிறேன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “யாரும்மா இவரு? இப்படி ஒரு நோயாளி உலகத்துலயே கிடையாது. கட்டின பொண்டாட்டிகிட்டகூட எவனும் இவ்வளவு உண்மை பேசமாட்டான்.”

கம்பெனிக்காரிக்குக் கோபம். “பதில் எல்லாம் பெரிய டாக்டர்கள் எழுதினது.”

“அதான் பாத்தேன். அவங்ககிட்ட எவன் உண்மை சொல்லியிருக்கான், அவங்களுக்குத் தெரியறதுக்கு?”

கம்பெனிக்காரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். “சரி, நிஜ நோயாளி என்ன சொல்லுவான்? சொல்லுங்க.”

வேலை போக வேண்டியவளுக்கு இப்படித்தான் வேலை உயர்ந்தது. கம்பெனியில் அவளுக்கு உடம்போடு ஒட்டின கறுப்புச் சட்டை மாட்டி, முகத்தில் கடுகு கடுகாகப் புள்ளி ஒட்டினார்கள். நாலு பக்கமும் கேமரா. அவள் மூக்கைச் சொறிந்தால் திரையில் மீசைக்காரர் மூக்கைச் சொறிந்தார். அவள் குரலைக் கம்ப்யூட்டர் ஆண் குரலாக மாற்றியது. பொய்க்கு அவள் பஞ்சம் வைக்கவில்லை. சரக்கு முழுக்க வீட்டிலேயே இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் லிஃப்டிலேயே ஏறி இறங்கியதால் நடப்பதென்றால் வேப்பங்காய். சர்க்கரை வியாதி வேறு. எட்ட ஊரில் வேலை பார்க்கும் மகள், அப்பா எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பியிருந்தாள். கணக்கு அவள் போனிலேயே தெரியும்.

ஒருநாள் மகள் போனில் குதித்தாள். “அம்மா! அப்பா இன்னிக்கு முப்பத்தோராயிரம் அடி நடந்திருக்காரும்மா!”

அக்கா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் பகல் முழுக்க சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர். அவள்தான் அன்றைக்குக் கால் கடுக்க ஏப்ரன் தைத்தவள். சட்டென்று குனிந்து தையல் மிஷினுக்கு அடியில் பார்த்தாள். மிதிகட்டையின் கம்பியில் கடிகாரம் பத்திரமாகக் கட்டியிருந்தது. இத்தனை நாளும் அவள் மிதிக்க மிதிக்க அவர் நடந்திருக்கிறார்!

சண்டை போடவில்லை. கடிகாரத்தை இருந்த இடத்திலேயே விட்டாள். மறுநாள் மீசைக்காரர் கேமராக்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “நடையா? கணக்கைப் பாருங்கம்மா. கடிகாரம் பொய் சொல்லுமா?”

புது நோயாளியோடு நடந்த முதல் பரீட்சையில் முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேர் அவுட். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். “அவரு என்கிட்ட பொய் சொல்லிட்டாரு மேடம்!”

முதல்வர் அம்மா ஆடிப்போய்விட்டார். ஆனால் மாணவிகள் மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். விரல் நகத்தைப் பார்த்தார்கள். பதில் வந்த பிறகும் சும்மா இருந்தார்கள். அந்த மௌனம் தாங்காமல் மீசைக்காரர், கடிகாரத்தைத் தையல் மிஷினில் கட்டியதுவரை, தானாக உளறுவார் என்பது அக்காவே வைத்த பொறி.

அவர்களில் ஒருத்தி படிப்பு முடிந்து, வீட்டுக்காரர் மாதாமாதம் போகும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இவர் கடிகாரக் கணக்கைப் பெருமையாக நீட்டினார். அவள் பார்த்தாள். சிரித்தாள். சும்மா இருந்தாள்.

“தினமும் நடக்கிறேம்மா” என்றார்.

அவள் பேசவில்லை.

“பெரும்பாலும்...” என்றார்.

“சார், இந்தக் கடிகாரம் கையில இருந்துச்சா, இல்ல வேற எதுலயாவது கட்டியிருந்துச்சா?”

அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் அக்கா மேல் பாய்ந்தார். “நீதானே போட்டுக்கொடுத்தே?”

“அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினது உண்டா?” என்றாள். அதில் பொய்யே இல்லை. பேசினதெல்லாம் மீசைக்காரர்தான்.

கடைசியில், தன் பொய்களை மீசைக்காரர் வாயில் போட்டதே அவள்தான் என்ற உண்மை தெரிந்தபோது அவருக்குக் கோபத்தைவிட ஆசைதான் அதிகமாக வந்தது. “பொய் என்னோடது, புகழ் உனக்கா? நானே வந்து பேசறேன்.” கம்பெனிக்காரியும் ஒத்துக்கொண்டாள். புள்ளி ஒட்டி, விளக்குப் போட்டு உட்காரவைத்தார்கள். அக்கா பக்கத்து அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டாள்.

“இனிப்பு சாப்பிடுவீங்களா?” என்றாள் கம்பெனிக்காரி.

நாலு கேமராவைக் கண்டதும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. “சாப்பிடுவேன் மேடம். கிரீம் பிஸ்கட். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில ஆறு பாக்கெட் இருக்கு. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடிய உடைச்சதும் நான்தான்.”

கம்பெனிக்காரி முதல்தடவையாகச் சிரித்தாள். “இது இயல்பா இல்ல சார். வேண்டாம்.”

வெளியே வந்து லிஃப்ட் பொத்தானைத் தேடிய கையை அக்கா பிடித்தாள். “படியில வாங்க.”

ஒன்பது மாடி. முனகிக்கொண்டே இறங்கினார். மறுநாள் சாயங்காலத்திலிருந்து இருவரும் சேர்ந்தே நடக்கக் கிளம்பினார்கள். அவர் தினமும் புதுசாக ஒரு சாக்கு சொல்வார்: செருப்பு கடிக்கிறது, காற்று ஒத்துக்கொள்ளவில்லை, இடது கால் மட்டும் தூங்கிவிட்டது.

“அந்தக் கடைசி சாக்கை இன்னொரு தரம் சொல்லுங்க” என்பாள் அக்கா, போனில் பதிவுப் பொத்தானை அழுத்தியபடி.