பதிவில் இல்லாத மலர்விழி

ஆயர் குரோ டோல் சாவடியில் காரோடு வரிசையில் நின்றபோது கைப்பேசி ஒலித்தது. நண்பர் கதிரேசன் பேசினார். "அண்ணே, மலர் போயிட்டா. ஹார்ட் அட்டாக்." பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அட்டையைத் தட்டினேன், தடுப்பு உயர்ந்தது. எந்த வழியாக வீடு சேர்ந்தேன் என்று நினைவில்லை.

கதிரேசனின் மனைவி மலர்விழி பல்கலைக்கழக ஆய்வாளர். நம் பேச்சுத் தமிழைக் கேட்டு எழுத்தாக மாற்றும்படி கணினியைப் பழக்குவது அவர் வேலை. "நம்ம ஆளுங்க செய்தி வாசிக்கிற மாதிரி பேசினாத்தான் அதுக்குப் புரியுதுண்ணே. வீட்டுல யாரு அப்படிப் பேசுறா?" என்பார். அதற்காகவே ஊர் ஊராகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்.

சென்ற ஆண்டு, பத்திரிகைக்கு எழுதுவதற்காக அவருடன் செலண்டாருக்குப் போனேன். ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்து, ஓய்வுபெற்ற பார்வதி அக்கா, மைக்கைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வணக்கம். எனது பெயர் பார்வதி" என்று தொடங்கினார். மலர்விழி பணிவாகத் தலையாட்டிவிட்டு, "மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தானேக்கா மரம் வெட்டப் போவீங்க?" என்றார்.

"யாரு சொன்னா உனக்கு? வெயில் ஏறிட்டா பால் வராதுலா! படிச்ச புள்ளதானே நீ?"

அதன்பின் அக்காவை நிறுத்த முடியவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டேன்: உங்கள் அம்மாவும் மரம் வெட்டியவர்தானே?

"ஆமாண்ணே. திட்டும்போதுதான் சொந்தப் பேச்சு வரும்."

பதிவுகளில் தம் குரல் வரும் இடங்களை மட்டும் அவர் மௌனமாக்கிவிடுவார். "எல்லாத்துலயும் நான் இருந்தா கம்ப்யூட்டர் என்னையத்தான் கத்துக்கும்." பேசியவர்களின் குடும்ப விஷயங்களையும் வெட்டி எடுத்துவிட்டு, அவை வெளியே போய்விடக் கூடாதென்று மூலப் பதிவுகளை அழித்தும் விடுவார்.

கருமாதி முடிந்ததும் கதிரேசன் கேட்டது ஒன்றுதான்: மனைவியின் குரல். வீட்டில் அது இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் எழுதித்தான் அனுப்புவார். திருமண வீடியோவில் நாதஸ்வரம்தான் கேட்கிறது. நேற்று கதிரேசனை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். மலர்விழியுடன் பணிபுரிந்தவர் எல்லாப் பதிவுகளிலும் தேடினார். கடைசியில், வேறு வழியில்லாமல், பார்வதி அக்காவின் பதிவைப் போட்டார்.

"வணக்கம். எனது பெயர் பார்வதி." மலர்விழி பேசிய இடத்தில் சற்று மௌனம். பிறகு, "யாரு சொன்னா உனக்கு?"

"இங்க மலர் என்னாண்ணே கேட்டா?"

சொன்னேன். கதிரேசன் சிரித்துவிட்டார். "கேப்பா, கேப்பா. அவ கேக்குறவதான்."

பதிவின் முடிவில் அக்கா, "சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்கிறார். அதற்குப்பின் ஒன்றுமில்லை. கதிரேசன் என்னைப் பார்த்தார். மலர்விழி சொன்னதை என்னால் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். அவர் குரலில் சொல்ல முடியாது.

"குடிச்சாங்க. அப்புறம், 'போயிட்டு வரேன்க்கா'ன்னு சொன்னாங்க" என்றேன்.