கறுப்புச் சீட்டு கட்டிய ஏகாம்பரம்

1. காத்திருப்பு

போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை என்று எங்களை அழைத்திருந்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பள்ளி மைதானம் ஒன்றில் கூடாரம் அடித்து, கள மருத்துவமனை அமைத்திருந்தோம். குண்டு விழுந்ததாகப் பாவித்து, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து சிகிச்சை தர வேண்டும். நான் அப்போது அவசரப் பிரிவில் தலைமைச் செவிலியர். முகாமின் பொறுப்பாளர் ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் உண்மையான கள மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவரை எல்லோரும் மேஜர் என்றே கூப்பிட்டோம்.

காலையிலேயே தயாராகிவிட்டோம். பார்வையிட வேண்டிய அதிகாரி வராததால் சைரன் ஊதவில்லை. மடித்த காஸ் துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

"இந்த ஒத்திகையில இதுதான் சரியா வந்திருக்கு, சிஸ்டர்," என்றார் மேஜர். "அங்கயும் இப்படித்தான். நாள் கணக்கா ஒண்ணும் நடக்காது. சீட்டாடுவோம், பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவோம். அப்புறம் திடீர்னு கூடாரம் நிரம்பிடும்."

நோயாளிகளாக நடிக்க வந்தவர்கள் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சிற்பக்கூடங்களில் வேலை செய்பவர்களும் பக்கத்துக் குப்பத்து மீனவர்களும்தான் பெரும்பாலும். ரோஸ்மில்க் சிரப்பில் மைதா கலந்து ரத்தமாகப் பூசியிருந்தோம். அது வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஈக்கள் மொய்த்தன.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டுக் கட்டியிருந்தோம். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை நடந்தே வருவார். கறுப்பு இறந்துவிட்டார். சிற்பக்கூடத்தில் கல் தேய்க்கும் கிரைண்டர் மெஷின் ஓட்டும் ஏகாம்பரத்துக்குக் கறுப்பு. அவருடைய சிநேகிதர் தாஸுக்குச் சிவப்பு.

"உனுக்கு இன்னா, படுத்துகினு கெடந்தா போதும். நான்தான் தொண்ட கிழிய கத்தணும்," என்றார் தாஸ்.

"செத்தவன்னா சும்மாவா மச்சான்? ஈ மொச்சாக்கூட கையத் தூக்கக் கூடாதாம்."

டீ வந்தது. ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், பொணத்துக்கு டீ கீதா?"

"சைரன் ஊதற வரைக்கும் உண்டு."

2. சைரன்

அதிகாரி ஒருவழியாக வந்து சேர்ந்தார். சைரன் ஊதுவதற்கு முன் மேஜர் எங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "கறுப்பைத் திரும்பிப் பாக்காதீங்க. கை பரபரக்கும். பாக்காதீங்க. நீங்க அங்க நிக்கிற நேரத்துல ஒரு சிவப்பு போயிடும்."

ஸ்ட்ரெச்சர்கள் வரத் தொடங்கின. தாஸ் உண்மையிலேயே தொண்டை கிழியக் கத்தினார். இளம் டாக்டர்கள் "பி.பி. இறங்குது", "இங்க ஒரு லைன் போடுங்க" என்று கூவினார்கள். ஏகாம்பரத்தைக் கூடாரத்தின் பின்பக்கம் நிழலில் கிடத்திவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை உயர்ந்தது, நெஞ்சுக்கு வந்தது. பார்வையிட்டு மதிப்பெண் போட வந்திருந்த அந்த அதிகாரி, "அந்த டெட் பாடி அசையுது, யாராவது சொல்லுங்க," என்றார். தாஸ் தன் கத்தலை நிறுத்திவிட்டு, "டேய் மச்சான், ஓவரா நடிக்காத. நீ செத்துட்ட," என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டிரிப் ஸ்டாண்டு எடுக்க நான் அந்தப் பக்கம் போனேன். எல்லோர் முகத்திலும் ரத்தம் காய்ந்து வெடித்திருந்தது. ஏகாம்பரத்தின் முகத்தில் மட்டும் அது கரைந்து, காது வழியாகக் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடல் காற்று நன்றாக வீசிய நிழலில் ஒரு மனிதருக்கு ஏன் இவ்வளவு வேர்வை என்று முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. நெற்றியைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. நாடி கையில் சரியாகப் பிடிபடவில்லை.

"நெஞ்சு மேல கல்ல வச்சா மாரி கீது, சிஸ்டர்," என்றார், உதடு அசையாமல்.

"டாக்டர், இங்க வாங்க. அவசரம்," என்று கூப்பிட்டேன். யாரும் திரும்பவில்லை. கூடாரம் முழுக்க அதே வார்த்தையைத்தான் கூவிக்கொண்டிருந்தார்கள். "இது நெஜம்" என்றேன். தாஸும் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்: "நெஜமா வலிக்குது சார்." மேஜர் தூரத்திலிருந்து, "சிஸ்டர், அது கறுப்பு. விடுங்க," என்றார். நான் நன்றாக நடிப்பதாக அவர் நினைத்தது பிறகுதான் தெரிந்தது.

உண்மையான ஆபத்து வந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நாங்கள் யாருமே முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை.

3. மைக்

அறிவிப்புச் செய்துகொண்டிருந்த, அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமிருந்து மைக்கை வாங்கினேன். "ஒத்திகை முடிஞ்சது. எல்லாரும் எழுந்திரிங்க," என்றேன்.

சத்தம் நின்றது. கால் முறிந்தவர்கள் எழுந்தார்கள். தலையில் கட்டோடு கிடந்தவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு நின்றார்கள். இறந்தவர்களும் எழுந்தார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை.

மேஜர் ஓடி வந்தார். அதற்குப் பிறகு யாரும் கூவவில்லை. ஆம்புலன்ஸில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மாரடைப்பு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை மென்று விழுங்கக் கொடுத்து, ஆக்ஸிஜன் வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். வண்டியில் ஏகாம்பரத்தின் முகத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே போனேன். இல்லாவிட்டால் போகிற இடத்தில் தலையில் காயத்தைத் தேடுவார்கள். தாஸ், ஒத்திகைக்காகக் காலில் வைத்துக் கட்டிய மரச் சிம்போடு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

ஏகாம்பரம் பிழைத்தார். சில நாள் கழித்து மேஜரும் நானும் வார்டுக்குப் போய்ப் பார்த்தோம். வெளியே வந்ததும் மேஜர் கேட்டார்: "அவர் நடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, சிஸ்டர்?"

"ஒத்திகை கெட்டிருக்கும். அவ்வளவுதான சார்."

அவர் படிக்கட்டில் நின்றுவிட்டார். "அங்க எல்லையில, எழுந்திரிங்கன்னு சொல்ல மைக் கிடையாது. நான் கட்டின கறுப்பையெல்லாம் இன்னொரு தடவை யாரும் பாக்கலை. நானும் பாக்கலை."

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். பஸ் கவிழ்ந்து, கூட்டமாக ஆட்களைக் கொண்டு வரும் நாட்களில், முதல் சுற்று முடிந்ததும் ஒரு நர்ஸைக் கறுப்புச் சீட்டுக் கட்டியவர்களிடம் திரும்ப அனுப்புவேன். ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். பெரும்பாலும் போனவர் இல்லை என்று தலையை அசைத்துக்கொண்டுதான் திரும்பி வருவார். அடுத்த முறையும் அனுப்புவேன்.