பன்னிரண்டு பிள்ளையார்களும் ஒரு குக்கரும்

பெண்ணாடம் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் திரௌபதி உட்கார மாட்டாள். கம்பியையும் பிடிக்க மாட்டாள். கையில் விளிம்புவரை டீ நிறைந்த டம்ளரோடு நிற்பாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்; டீ சிந்தாது. "மேல ஊத்திடாதம்மா" என்று புதியவர்கள் நகர்வார்கள். "ஊத்துனா உன் சட்டைய நானே தொவச்சித் தரேன், நில்லுப்பா" என்பாள். இதுவரை யார் சட்டையையும் துவைத்ததில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அவளுக்கு வேலை. சுடாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குச் சுமக்க வேண்டும். அதற்குமுன் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் தடவி விரிசல் பார்ப்பாள். நல்ல பொம்மையில் ஈரம் உலர்ந்துவிடும். விரிசல் இருந்தால் அங்கே மட்டும் மயிரிழைபோல் ஒரு கோடு நிற்கும்.

ஆயுதபூசையன்று பட்டறைப் பெண்களுக்குப் பந்தயம். தலையில் பலகை, அதில் பன்னிரண்டு சுடாத பிள்ளையார்கள். கையால் பிடிக்காமல் கிணற்றடியிலிருந்து சூளை வாசல்வரை ஓட வேண்டும். ஒன்று உடைந்தாலும் அவுட். உடைந்த பிள்ளையார் மண் கரைக்கும் தொட்டிக்கே திரும்பிவிடுவார். பரிசு, குக்கர். திரௌபதி வீட்டில் ஏற்கெனவே ஆறு வருடமாக ஜெயித்த ஆறு குக்கர்கள். ஒன்றில் சமையல், ஒன்றில் புளி, ஒன்றில் கணவர் திருமாலின் சவரச் சாமான். ஏழாவது, கண்டக்டர் மகள் கல்யாணத்துக்கு என்று பஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆறு வருடமும் இரண்டாவதாக வந்தவள் சிவசங்கரி. அவள் வயதுக்காரி, எதிர் மேசைக்காரி.

இந்த வருடமும் திரௌபதிதான் இரண்டு எட்டு முன்னால். சூளை வாசல்படியில் குதிகால் இடித்தது. பலகையில் 'டக்'கென்று ஒரு சத்தம். எதுவும் விழவில்லை. மேஸ்திரி கோதண்டபாணி எட்டிப் பார்த்து, "எல்லாம் முழுசா இருக்குது. திரௌபதிதான்" என்று விசில் ஊதினார். யாரோ கண்டக்டருக்குப் போன் போட்டார்கள்.

அந்த 'டக்' திரௌபதியின் காதைவிட்டுப் போகவில்லை. மண்ணெண்ணெய்த் தூரிகையை எடுத்தாள்.

"பூச நாள்ல எதுக்கும்மா அது?"

"தெனம் பாக்குறதுதான மேஸ்திரி."

ஒன்பதாவது பிள்ளையாரின் தும்பிக்கையடியில் கோடு நின்றது.

"கண்ணுக்கே தெரியல, வுடும்மா."

"சூளைக்குத் தெரியுமே. வேவுறப்ப ரெண்டாப் பூடும். நான் அவுட்டு."

கூட்டம் சிவசங்கரியைத் தூக்கப் பாய்ந்தது. "இருங்க" என்று தூரிகையோடு குறுக்கே வந்தாள் திரௌபதி. "அவளுதையும் பாக்கணும்."

"அடிப்பாவி, எனக்கு வுட்டுக்குடுத்தன்னு இல்ல நெனச்சேன்."

"வுட்டுக்குடுக்கறதா? நானா?"

பதினொன்று உலர்ந்தன. பன்னிரண்டாவது பிள்ளையாரின் தொந்தியில் ஒரு சொட்டு அதிகம், உலர நேரமெடுத்தது. மேஸ்திரி உட்படப் பட்டறையே குனிந்து ஊதியது. கோடு இல்லை.

"கண்டக்டருக்கு என்னடி சொல்லுவ?" என்றாள் சிவசங்கரி.

"புளி வச்சிருக்கறதக் கழுவிக் குடுப்பேன்."

சொல்லிக்கொண்டே புதுக் குக்கரைத் தூக்கிச் சிவசங்கரியின் தலையில் வைத்தாள். "கைய எடுடி. நட."

சிரிப்பில் குலுங்கியபடி சிவசங்கரி நடந்தாள். விழுந்தால் பிடிக்க இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக்கொண்டு, கிணற்றடிவரை அவள் பின்னாலேயே போனாள் திரௌபதி.